ஆஸ்பத்திரிப் பக்கத்து கோல்

போன வாரம் வேங்கிக்காலில் என் ஸ்கூட்டரின் பின்சக்கரம் காற்றுப்போய் உட்கார்ந்துவிட்டது. கலெக்டர் ஆபீஸைத் தாண்டி ஒரு பஞ்சர் கடை இருக்கிறது. வெயிலில் தள்ளிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். கடைக்காரர் டயரைத் தடவிப் பார்த்து, கொறட்டால் எதையோ பிடுங்கி என் உள்ளங்கையில் வைத்தார்.

"பாருங்க சார், லாட ஆணி. இப்பல்லாம் இது எங்க கண்ணுல படுது?"

மாட்டுக் குளம்பில் லாடம் வைத்து அடிக்கிற ஆணி. சப்பைத் தலை, கோணிய கழுத்து, உடம்பெல்லாம் துரு. நான் என்ன செய்தேன் தெரியுமா? வாயை ஆவென்று திறந்தேன். மூடினேன். மறுபடியும் திறந்து தாடையை இடமும் வலமும் ஆட்டிப் பார்த்தேன். கடைக்காரர் கொறட்டைக் கீழே வைத்துவிட்டு, "பல்லு வலியா சார்?" என்றார்.

ஆணி குத்தியது ஸ்கூட்டருக்கு. நான் சரிபார்த்தது என் வாயை. சிரிக்காதீர்கள். ரிட்டயர் ஆகிப் பேரன் எடுத்த பிறகும் இந்தப் பழக்கம் என்னை விடவில்லை. வீட்டில் யாராவது சுவரில் ஆணி அடித்தால், "பாரு, தாத்தா இப்ப கொட்டாவி விடுவாரு" என்று என் மனைவி பேரனிடம் சொல்வாள். அவளுக்குக் காரணம் தெரியும். தெரிந்துதான் சிரிக்கிறாள்.

அந்த ஆணி கையில் பட்டதும் என் மூக்கில் ஏறியது சாண வாசனை. சாணம், ஈர வைக்கோல், மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற வேர்க்கடலைப் பிண்ணாக்கு, எல்லாவற்றுக்கும் மேலே ஆஸ்பத்திரியில் தரை கழுவுகிற பினாயில். இவ்வளவும் ஒன்றாகக் கலந்து வீசுகிற இடம் எனக்குத் தெரிந்து ஒன்றுதான். அதன் பெயர் சந்தைத் திடல்.

பழைய ஆஸ்பத்திரிக்குப் பின்னால், ஒரே ஒரு மதில் சுவர் தள்ளி இருந்தது அது. கார்த்திகை தீபத்துக்கு மாட்டுச் சந்தை கூடுகிற பொட்டல். தீபம் முடிந்து மாடுகள் எல்லாம் விலைபோன பிறகு வருஷம் பூராவும் முள்ளும் குப்பையுமாகக் கிடக்கும். அதைப் பந்தாடுகிற இடமாக்கியவர் மைக் செட் பாபு அண்ணன். அவர் காலால் ஒரு பந்தைத் தொட்டு யாரும் பார்த்ததில்லை. அவர் உடம்புக்குக் குனிந்து தன் காலைப் பார்ப்பதே கஷ்டம். ஆனால் கல்யாணமும் காதுகுத்தும் இல்லாத நாட்களில் மைக் செட்டுக்கு வேலை வேண்டுமே! "நாலு பேர் ஓடினா நானூறு பேர் பாப்பான். நானூறு பேர் வந்தா மைக் வேணும்டா" என்பது அவர் கணக்கு. இப்படித்தான் எங்கள் ஊருக்குக் கால்பந்து வந்தது என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

சவுக்குக் கழி நட்டார். மீன் வலை வாங்கிக் கட்டினார். தீபம் ஏற்றுகிற மலையைப் பார்த்த மாதிரி ஒரு கோல், ஆஸ்பத்திரிச் சுவரை ஒட்டி ஒரு கோல். மலைப் பக்கத்து கோல், ஆஸ்பத்திரிப் பக்கத்து கோல் என்றுதான் சொல்வோம். முதலில் எங்களுக்குள்ளேயே இரண்டாகப் பிரிந்து ஆடினோம். அப்புறம் ஆரணியிலிருந்து ஒரு டீம் வந்தது, செங்கத்திலிருந்து வந்தது, கடைசியில் வேலூர்க்காரர்களே பஸ் பிடித்து வந்தார்கள். பொங்கல் சமயத்தில் டோர்னமென்ட் என்றால் கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்திலிருந்து ஜனம் வேன் வைத்துக்கொண்டு வரும். புளியமரத்தில் இரண்டு ஹாரன் ஸ்பீக்கர் கட்டி பாபு அண்ணன் பேசுவதைக் கேட்கவே பாதிப் பேர் வருவார்கள். "தோ வரான் பாரு ஏழுமலை! கோல்கீப்பர் தம்பி, ஊட்டுக்கு ஓடிடு!" என்று அவர் கத்தினால் மலையில் பட்டுத் திரும்பி வரும். வேலூர் கோல்கீப்பர்கள் ஆட்டத்துக்கு முன்பே அரை உயிராகிவிடுவார்கள்.

ஏழுமலைதான் எங்கள் சென்டர் ஃபார்வர்ட். மல்லாட்டை மண்டியில் மூட்டை தூக்குகிறவன். என் வயசுக்காரன். நான் கோலுக்கு முன்னால் தடுத்து நிற்கிற ஃபுல் பேக். பயந்தவன்தான் நல்ல ஃபுல் பேக் ஆவான் என்பது என் கட்சி. பந்து வருவதற்கு முன்பே அவனுக்கு வேர்த்துவிடும்.

எனக்கு வேர்த்ததற்குக் காரணம் இருந்தது. அப்போதுதான் அந்த ஆஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டு எழுதுகிற வேலைக்குச் சேர்ந்திருந்தேன். கட்டடத்தின் பின்கோடியில், திடலை ஒட்டி ஓர் அறை. ஜன்னலுக்குக் கறுப்புக் காகிதம் ஒட்டி அதன்மேல் கம்பளி தொங்கவிட்டிருப்பார்கள். இருட்டு ரூம் என்று பெயர். ரண ஜன்னி, அதாவது டெட்டனஸ், வந்தவர்களை அதில் போடுவார்கள். காலில் ஆணி ஏறும், அல்லது கலப்பை முனை கிழிக்கும். கொஞ்ச நாளில் தாடை இறுகும். பிறகு உடம்பு முழுக்க. சின்ன வெளிச்சம் பட்டாலும், ஒரு டம்ளர் கீழே விழுந்தாலும் போதும், ஆள் வில்லாக வளைந்துவிடுவான். குதிகாலும் பின்மண்டையும் மட்டும்தான் கட்டிலில் இருக்கும். மூச்சு நிற்கும். எல்லாவற்றையும்விடக் கொடுமை, நினைவு தப்பாது. அத்தனையும் அவனுக்குத் தெரிந்தேதான் நடக்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள் தெரியாத்தனமாக உள்ளே எட்டிப் பார்த்துவிட்டேன். மேற்கொண்டு சொல்ல மாட்டேன். சோறு இறங்கவில்லை என்பதோடு விட்டுவிடுகிறேன்.

அந்த ஆஸ்பத்திரியின் பெரிய சிஸ்டர் ரொம்பக் கறாரான அம்மா. இருட்டு ரூமில் ஆள் இருந்தால் வார்டில் எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டு நடக்க வேண்டும். ஊசித் தட்டைத் துணி சுற்றித்தான் எடுத்துப் போவார்கள். அவர்தான் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "நீ அந்தப் பந்து ஆடற கும்பல்தான? ரூம்ல ஆள் இருந்தா நான் சொவத்து மேல செவப்புத் துணி போடுவேன். அது தொங்கற வரைக்கும் ஒருத்தன் பந்த தொடக்கூடாது. சொல்லிடு."

சொன்னேன். கேட்டார்கள். மதிலில் சிவப்புத் துணி தொங்கினால் அன்று ஆட்டம் இல்லை. பந்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவோம். முணுமுணுப்போம்தான். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு மனுஷன் துடித்துக்கொண்டிருக்கிறான் என்று எங்களில் யாருக்கும் உறைத்ததாக நினைவில்லை. இளவயசு அப்படி. எங்களிலேயே ஜாஸ்தி முணுமுணுத்தவன் ஏழுமலை. "இன்னிக்கும் செவப்பா? இந்த ஊர்ல எவனுக்கும் கீழ பாத்து நடக்கத் தெரியாதா?" என்பான்.

கீழே பார்த்து நடப்பது என்றதும் ஆணி பொறுக்கும் நாள் ஞாபகத்துக்கு வருகிறது. சந்தை நாட்களில் லாடம் அடிப்பவர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். மாட்டைக் கயிறு போட்டுச் சாய்த்து, பழைய ஆணியைப் பிடுங்கி அங்கேயே எறிந்துவிட்டு, புதுசு அடிப்பார்கள். சந்தை கலைந்தால் திடல் முழுக்க ஆணி. நாங்கள் ஆடுவதோ வெறுங்காலில். அதனால் சந்தை கலைந்த முதல் ஞாயிற்றுக்கிழமை டீம் மொத்தமும் கைகோத்த மாதிரி ஒரு வரிசையாக நின்று, மலைப் பக்கத்து கோலிலிருந்து ஆஸ்பத்திரிப் பக்கத்து கோல் வரைக்கும் குனிந்தபடியே நடந்து வருவோம். வெடித்துப்போன ஸ்பீக்கர்களிலிருந்து கழற்றிய காந்தங்களை பாபு அண்ணன் கொடுப்பார். வட்ட வட்டமாக, தோசைக்கல் கனம். கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டே போனால் ஆணிகள் ஓடி வந்து ஒட்டிக்கொள்ளும். சாயங்காலம் காந்தங்களுக்குத் தாடி முளைத்திருக்கும். வரிசையில் செருப்புப் போட்டு நடப்பவன் நான் ஒருவன்தான். "மாப்ள ஊர்வலம் வர்றாரு, வழி விடுங்க" என்று ஏழுமலை கத்துவான். நான் கழற்றவே மாட்டேன்.

எவ்வளவு பொறுக்கினாலும் மண்ணுக்குள் இறங்கியது இறங்கியதுதான். ஒரு மழை பெய்தால் வெளியே எட்டிப் பார்க்கும்.

அந்த வருஷம் டோர்னமென்ட் ஆரம்பித்த சமயத்தில் ஒரு மழை பெய்தது. பயிற்சியில் ஏழுமலையின் உள்ளங்காலில் ஆணி ஏறியிருக்கிறது. யாரிடமும் மூச்சு விடவில்லை. சொன்னால் என்னிடம் வரும், நான் ஊசிக்கு இழுத்துக்கொண்டு போவேன், பாபு அண்ணன் வெளியே உட்கார வைப்பார். ஆணியைத் தானே பிடுங்கி எறிந்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் பெண்சாதியிடம் மட்டும் காட்டியிருக்கிறான். செல்வி. கல்யாணமாகி முதல் பொங்கல் அவளுக்கு.

செல்வி என்ன செய்தாள்? சாமி மாடத்தில் போன வருஷத்துத் தீப மை இருந்தது. மலை உச்சியில் கொப்பரையில் நெய் ஊற்றித் தீபம் எரிப்பார்கள், தெரியுமே. எரிந்து முடிந்த திரியிலிருந்து மை எடுத்துக் கோயிலில் கொடுப்பார்கள். நெற்றியில் வைத்துக்கொள்ள. வீட்டுக்கு வீடு சின்னப் பொட்டலமாக மடித்து வைத்திருப்போம். குழந்தை பயந்து அழுதாலும் அதுதான், பரீட்சைக்குப் போனாலும் அதுதான். அந்த மையைக் குழைத்து ஆணி போன ஓட்டைக்குள் அழுத்தி அடைத்து, மேலே துணி வைத்து இறுக்கிக் கட்டிவிட்டாள். வலி நின்றுவிட்டது. இரண்டு பேரும் மலையைப் பார்த்துக் கும்பிட்டிருக்கிறார்கள்.

"காத்து போகாத எடத்துலதான்யா அந்தக் கிருமி வளரும். வாசல சாத்தி, உள்ள வச்சு வளத்துருக்கீங்க" என்று டாக்டர் அப்புறம் தலையில் அடித்துக்கொண்டார். செல்வியைத் தப்பு சொல்ல எனக்கு மனசு வராது. எங்கள் ஊரில் எந்த வீட்டிலும் அதைத்தான் செய்திருப்பார்கள். நெற்றிக்கு நல்லது காலுக்கு ஆகாது என்று யாருக்குத் தோன்றும்?

செமி ஃபைனல் ஜெயித்த சாயங்காலம், டீக்கடையில் எல்லோரும் போண்டா தின்றுகொண்டிருந்தோம். ஏழுமலை மட்டும் போண்டாவைப் பிய்த்துப் பிய்த்துப் பல்லிடுக்கில் சொருகிக்கொண்டிருந்தான்.

"இன்னாடா புது மாப்ள, வாயத் தொறந்தா முத்து உதுந்துடுமா?" என்று யாரோ கேட்டார்கள்.

சிரித்தான். சிரிப்பு இரண்டு பக்கமும் கீழே இழுத்துக்கொண்டது. புருவம் மேலே ஏறி அப்படியே நின்றது. சிரித்து முடித்த பிறகும் அந்தச் சிரிப்பு முகத்தை விட்டுப் போகவில்லை. அந்தச் சிரிப்பை நான் இருட்டு ரூமில் பார்த்திருக்கிறேன். என் கையிலிருந்த கிளாஸ் நழுவி உடைந்தது. சத்தத்துக்கு அவன் தோள் தூக்கிப் போட்டது.

"கால காட்டுடா" என்றேன்.

காட்டினான். நான் யாருக்கும் எதுவும் விளக்கவில்லை. சைக்கிள் கேரியரில் உட்கார வைத்து மிதித்தேன். பின்னாலிருந்து பல்லைக் கடித்தபடியே அவன் சொன்னான்: "டேய்... அந்த ரூமுக்குள்ள மட்டும் உட்றாதடா."

அந்த ரூமுக்குள்தான் விட்டோம்.

ஊசி மருந்துகள் போட்டார்கள். கம்பளி இறங்கியது. பெரிய சிஸ்டரே நாற்காலி மேல் ஏறி மதிலில் சிவப்புத் துணியைப் போட்டார். செல்வி அறைக்கு வெளியே தரையில் உட்கார்ந்தாள். அழுகை வெளியே வரக்கூடாது என்று முந்தானையைச் சுருட்டி வாயில் அடைத்துக்கொண்டிருந்தாள். கதவைக் கடந்து போகிற ஒவ்வொருவர் காலையும் பயத்தோடு பார்த்தாள். இந்தக் கால் எதையாவது தட்டிவிடுமோ என்ற பயம். அவள் பார்த்த பார்வையில் எனக்கு என் கால்களே விரோதி ஆகிவிட்டன.

நீங்களே யோசித்துப் பாருங்கள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை ஃபைனல். சுவருக்கு அந்தப் பக்கம் ஊரே கூடிக் கத்தப் போகிறது. சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு ஸ்பூன் விழுந்தால் செத்துப்போகிறவன்.

காலையில் ஆட்டத்தை நிறுத்தச் சொல்லி பாபு அண்ணனிடம் ஓடினேன். அவர் ஏற்கெனவே ஏணி போட்டு மரத்திலிருந்து ஸ்பீக்கரை இறக்கிக்கொண்டிருந்தார். முகம் வெளுத்திருந்தது.

"நிறுத்த முடியாதுடா" என்றார். "வேலூர்லேர்ந்து ரெண்டு பஸ் கெளம்பிடுச்சு. கீழ்பென்னாத்தூர் வேனுங்க வந்து நிக்குது. போன வருஷம் மழைனு ஒரு மேட்ச்ச நிறுத்தனதுக்கு இன்னா பண்ணாங்க? கல்லு உட்டாங்களா இல்லியா? நிறுத்தினா சத்தம் ஜாஸ்தி ஆவும். ஆடினாதான் கம்மி."

"ஆடினா கத்துவாங்களே அண்ணே!"

"கத்தாம ஆடணும்."

ஆள் குழம்பிவிட்டார் என்றே நினைத்தேன். அவர் என்னைத் தள்ளிக்கொண்டு போய்ப் பெரிய சிஸ்டர் முன்னால் நிறுத்தினார். சிஸ்டர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "ஒரே ஒரு சத்தம், பாபு. ஒரே ஒரு கைத்தட்டு. நெஞ்சு இறுகிடும். அப்பால நானும் ஒண்ணும் பண்ண முடியாது, டாக்டரும் ஒண்ணும் பண்ண முடியாது" என்றார். பாபு அண்ணன் கைகூப்பினார். நான் செல்வி இருந்த பக்கம் திரும்பவே இல்லை.

மத்தியானத்திலிருந்து பாபு அண்ணன் திடலைச் சுற்றிச் சுற்றி வந்தார். எங்கள் ஊரிலேயே பெரிய தொண்டை அவருக்குத்தான். அந்தத் தொண்டையை அடக்கி, ஒவ்வொருவர் காதிலும் குனிந்து சொன்னார். "சொவத்துக்கு அந்தாண்ட ஏழுமலை. வாயத் தொறக்காதீங்க. பின்னால சொல்லிடுங்க." முன்வரிசை பின்வரிசைக்குச் சொன்னது. மரத்தில் இருந்தவனுக்குச் சைகையில் சொன்னார்கள். தெருமுனையில் ஆட்டோக்களை ஆஃப் பண்ணித் தள்ளிக்கொண்டு போகச் சொல்லி நாலு பேர் நின்றார்கள். சுண்டல் விற்பவர் தட்டைத் தட்டவில்லை. மண்டித் தொழிலாளிகள் மல்லாட்டைச் சாக்குகளைக் கொண்டுவந்து மதில் நெடுக இரண்டு மடிப்பாகத் தொங்கவிட்டார்கள். அதுவும் போதாதென்று சாக்குக்கு முன்னால் தோளோடு தோள் ஒட்டி நின்றுகொண்டார்கள். கோலுக்கு மேலே போகிற பந்து நேராக அந்தச் சுவரில்தான் மோதும். மோதினால் இருட்டு ரூமே அதிரும். அதனால் பந்தை நெஞ்சில் வாங்க நின்றார்கள்.

வேலூர் கேப்டனிடம் விஷயத்தைச் சொன்னபோது சண்டை வரும் என்று எதிர்பார்த்தேன். அவர் எங்கள் எல்லோருடைய வெறுங்காலையும் ஒருமுறை பார்த்தார். அப்புறம் தன் வெறுங்காலையும் பார்த்தார். "ஆடலாங்க" என்றார். அவ்வளவுதான்.

ரெஃப்ரீ விசிலைப் பைக்குள் போட்டுக்கொண்டு தோளில் இருந்த துண்டை எடுத்து வீசினார். ஆட்டம் ஆரம்பித்தது.

நான் எத்தனையோ ஆட்டம் ஆடியிருக்கிறேன். ஆடும்போது காதில் கேட்பது கூட்டத்தின் இரைச்சல்தான். அன்றுதான் முதல் முறையாகக் கால் மண்ணில் உரசுகிற சத்தம், பக்கத்தில் ஓடுகிறவனின் மூச்சு, பந்து உள்ளங்காலில் ஒட்டிப் பிரிகிற சத்தம் எல்லாம் கேட்டது. முதல் பாதியில் ஆஸ்பத்திரிப் பக்கத்து கோல் எங்களுடையது. என் முதுகுக்குப் பின்னால் சாக்கு, சாக்குக்குப் பின்னால் சுவர், சுவருக்குப் பின்னால் அவன். பந்து என் பக்கம் வரும்போதெல்லாம், கோல் விழட்டும், கோலுக்குள்ளேயே விழட்டும், மேலே போகக்கூடாது என்று வேண்டிக்கொண்டேன். எந்த ஃபுல் பேக்காவது இப்படி வேண்டுவானா?

மேலேயே போனது. வேலூர்ப் பையன் ஒருவன் ஓடி வந்த வேகத்தில் தன்னை மறந்து ஓங்கி உதைத்துவிட்டான். பந்து கழிக்கு மேலே பறந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். 'தொப்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மண்டிக்காரர் ஒருவர் நெஞ்சில் வாங்கியிருந்தார். வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்தார். ஒரு முனகல்கூட இல்லை. உதைத்த பையன் அவர் முன்னால் போய் நின்று அழுதான். அதுவும் சத்தமில்லாமல்.

கொஞ்ச நேரத்தில் அவர்கள் கோல் போட்டார்கள். தள்ளிவிட்ட மாதிரி மெதுவாக உருண்டு உள்ளே போனது. வேலூரிலிருந்து வந்தவர்கள் எல்லோரும் எழுந்து இரண்டு கையையும் தூக்கினார்கள். அத்தனை வாயும் திறந்திருந்தன. ஒரு சத்தம் வரவில்லை. நான் அதிகமாகப் பயந்தது அந்த நிமிஷத்தில்தான். இவ்வளவு ஜனம் இப்படி நிற்பதைப் பார்த்தால் ஏதோ நடந்து முடிந்துவிட்ட மாதிரி இருந்தது.

இரண்டாவது பாதியில், தூரத்தில் மேளம் கேட்டது.

சாவு மேளம். தெரு வழியாகச் சுடுகாட்டுக்குப் போகிற ஊர்வலம், திடலை ஒட்டித்தான் போயாக வேண்டும். கூடவே வெடியும் போட்டுக்கொண்டு வந்தார்கள். விளையாடிக்கொண்டிருந்த எல்லோரும் அப்படியே நின்றுவிட்டோம். பாபு அண்ணன் ஓடினார். அந்த உடம்போடு அவர் ஓடியதை அன்றுதான் பார்த்தேன். அவர்கள் யாரோ, எந்தத் தெருவோ, செத்துப்போனது பெரியவரோ சின்னவரோ எங்களுக்குத் தெரியாது. அவர்களுக்கு ஏழுமலையையும் தெரியாது. தெருமுனையில் பாபு அண்ணன் எல்லோர் காலிலும் விழுகிற மாதிரி கும்பிடுவது தெரிந்தது. மேளம் நின்றது. பிறகு பாடை திடலோரமாக வந்தது. அடிக்கிறவர்கள் மேளத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தார்கள். பெண்கள் அழாமல் நடந்தார்கள். கூட்டம் மொத்தமும் எழுந்து நின்றது. பாடை ஆஸ்பத்திரிச் சுவரைத் தாண்டும் வரை நான் மூச்சு விடவில்லை. நல்ல நேரமாகப் பார்த்து வந்தது, இது யாரை அழைத்துப்போக வந்ததோ என்று என் புத்தி போயிற்று. அப்படி நினைத்ததற்கு என் வாயிலேயே போட்டுக்கொண்டேன்.

கடைசியில் எங்கள் பையன் ஒருவனுக்கு ஆஸ்பத்திரிப் பக்கத்து கோல் காலியாகவே கிடைத்தது. ஓங்கி அடித்திருந்தால் சமன். அவன் சாக்குகளைப் பார்த்தான். பக்கவாட்டுப் பாதத்தால் மெல்லத் தட்டினான். திரும்பி ஓடி வந்த கோல்கீப்பர் குனிந்து பொறுக்கிக்கொண்டார். தோற்றோம். யாரும் அவனை ஒரு வார்த்தை சொல்லவில்லை. கோப்பையைக் கைத்தட்டல் இல்லாமல் கொடுத்தார்கள். ஜனங்கள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு கலைந்தார்கள். அந்த ஆணிக்காட்டில் அத்தனை வெறுங்கால்!

பின்பக்கமாக ஓடினேன். சிஸ்டர் கதவடியில் நின்று கையை உயர்த்திக் காட்டினார். ஒன்றும் ஆகவில்லை. செல்வி முந்தானையை வாயிலிருந்து எடுத்துவிட்டு என்னைப் பார்த்து, "முடிஞ்சுதாண்ணா?" என்று உதட்டை மட்டும் அசைத்தாள். தலையாட்டினேன். சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, நாங்கள் அவனைக் காப்பாற்றிவிட்டோம் என்று பெருமைப்பட்டுக்கொண்டேன். அந்தப் பெருமை ஊருக்கே இருந்தது.

ஏழுமலை பிழைத்தான். தை முடிந்து மாசியும் பாதி போன பிறகு சிவப்புத் துணி இறங்கியது. வாய் ஓரளவு திறந்ததும் நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, மேளம் நின்றதிலிருந்து மண்டிக்காரர் நெஞ்சு வரைக்கும் எல்லாக் கதையையும் சொன்னேன்.

"அன்னிக்கு ஞாயித்துக்கெழமைனு எனக்குத் தெரியும்டா" என்றான். "சாயந்தரம் ஆவட்டும், பாபு அண்ணன் மைக்கு கேக்கும்னு காத்துனு இருந்தேன். கேக்கல. விசிலு கேக்கல. ஒரு கைத்தட்டு இல்ல. நான் செத்தாதான ஃபைனல நிறுத்துவானுங்க? அப்ப செத்துட்டேன்னு முடிவு பண்ணிட்டேன். இருட்டு வேற. செத்தா இப்டித்தான் இருக்கும்போல, எல்லாம் தெரியும், ஆனா சத்தமே வராதுனு நெனச்சினு கெடந்தேன். இன்னும் எத்தினி நாளைக்கு இப்டினு ஒரே பயம்டா. மூணாம் மனுஷன் எவனாவது ஒருத்தன் கத்தியிருந்தாகூடப் போதும்."

கத்தியிருந்தால் அவன் இருந்திருக்க மாட்டான். கத்தாததால் அவன் பட்டது அது. இரண்டில் எதைச் செய்திருக்க வேண்டும் என்று இன்றைக்குக் கேட்டாலும் எனக்குச் சொல்லத் தெரியாது.

அதற்குப் பிறகு திடல் தேறவில்லை. அந்தத் தை மாசம் கூட்டத்தில் உட்கார்ந்திருந்த அம்மாக்கள் யாரும் மகன்களை வெறுங்காலோடு வெளியே விடவில்லை. ஷூ வாங்க வக்கிருந்தவன் ஸ்கூல் கிரவுண்டுக்குப் போனான். தீபத்துக்கும் பௌர்ணமிக்கும் வருகிற ஜனம் வருஷத்துக்கு வருஷம் பெருகியது. சந்தையை வேறு இடத்துக்குத் தள்ளிவிட்டு, திடலில் தற்காலிகமாக பஸ் நிறுத்தினார்கள். ஒரு தீபத்துக்குப் பிடுங்கிய சவுக்குக் கழிகளை பாபு அண்ணன் மறுபடி நடவில்லை. பந்தல் போட எடுத்துக்கொண்டார். ஜல்லி கொட்டினார்கள், தார் ஊற்றினார்கள். ஆஸ்பத்திரி ஊருக்கு வெளியே போனது. சுவரை இடித்தார்கள். பாபு அண்ணனும் போய்ச் சேர்ந்தார். இப்போது அது வண்டி நிறுத்துமிடம். மலைப் பக்கத்து கோல் எது, ஆஸ்பத்திரிப் பக்கத்து கோல் எது என்று மலையை வைத்துத்தான் நானே கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

ஏழுமலைக்கு இடது கால் கொஞ்சம் விறைப்பாகவே நின்றுவிட்டது. ஆடவில்லை. மண்டியில் எடை போடுகிற வேலைக்கு மாறினான். வீட்டில் எந்நேரமும் ரேடியோ ஓடும். பேட்டரி தீர்ந்தால் செல்வி பக்கத்து வீட்டில் கடன் வாங்கியாவது போடுவாள். பிள்ளைகள் தலையெடுத்து, வேங்கிக்காலில் அமைதியான இடத்தில் வீடு பார்த்தபோது அவன் வரமாட்டேன் என்றுவிட்டான். வண்டி நிறுத்துமிடத்துக்கு எதிரே, டிபன் கடை மாடியில் வாடகைக்கு இருக்கிறான். வெளியூர் பஸ்கள், ஆட்டோக்கள், கண்டக்டர் கத்தல், கோயில் ஒலிபெருக்கி. ஊர் முழுக்கக் காதைப் பொத்திக்கொண்டு சபிக்கிற இடத்தில் அவன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பான்.

போன பௌர்ணமிக்கு மறுநாள் காலையில் போயிருந்தேன். இரவெல்லாம் கிரிவலம் வந்த கூட்டம் ஊர் திரும்பிக்கொண்டிருந்தது. செல்வி காபி கொடுத்தாள். பழைய பேச்சு எதுவும் இல்லை. சுகர் மாத்திரை பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். கடைசி பஸ்ஸும் திரும்பிப் போனது. அந்த நேரம் பார்த்துக் கரண்டும் போனது. கீழே கிரைண்டர் நின்றது, ஒலிபெருக்கி நின்றது, உள்ளே இப்போது கரண்டில் ஓடுகிற ரேடியோவும் நின்றது. திடல் முழுக்கக் காலி. ஒரு சத்தம் இல்லை.

ஏழுமலை என் மணிக்கட்டைப் பிடித்தான். மூட்டை தூக்கிய கை, எலும்பு நொறுங்குகிற மாதிரி இருந்தது. அவன் முகத்தைப் பார்த்தேன். வாய் இறுகி, கண் மட்டும் அங்கும் இங்கும் ஓடியது. உள்ளேயிருந்து செல்வி இரண்டு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். வாசலில் நின்று ஒன்றோடு ஒன்று அடித்தாள். "இருக்கோம், இருக்கோம், நான் இருக்கேன், தோ அண்ணன் இருக்காரு" என்று சத்தம் போட்டுக்கொண்டே அடித்தாள். கரண்டு வரும் வரைக்கும் அடித்தாள். நானும் என்னால் முடிந்த மட்டும் கத்தினேன்.